பத்தாவது அசைவு

எனக்கு எண்ணத் தெரியும். பெரிதாக வேறு எதுவும் தெரியாது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிங்காநல்லூரில் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். மெஷினில் எண் காட்டும் முள் ஒன்று உண்டு. அது பாதியைக் காட்டும், பாதியை முழுங்கிவிடும். அதனால் நாங்கள் வாய்க்குள்ளேயே எண்ணுவோம். நாலு சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகும், பட்டறைக்கே திரும்பி வரும், முதலாளி எல்லோர் முன்னாலும் கத்துவார். நான் சுற்றிய காயில் ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமையை இப்போதே சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. எட்டாம் மாதம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியாக உதைத்தான் என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அசைவில்லை. நான் கவனித்தேனா என்றால் கவனித்தேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரம்மா, "மாசம் ஏற ஏற எடம் பத்தாதுங்க அம்மணி, கொழந்தை அடங்கிரும்"னு சொன்னார். அது வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன். சனிக்கிழமை ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வயிறு கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு குழலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "ஹார்ட் பீட் கெடைக்கலைம்மா" என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரெண்டு நாளா அசையலைன்னு பெத்தவளுக்கே தெரியலையா?" என் முகத்துக்கு நேராகச் சிலர் கேட்டார்கள், அடுத்த அறையில் என் காதுபடச் சிலர் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்டுத் தொலைத்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுதிருப்பேன். அவர் காலையில் லேத் பட்டறைக்குப் போவார், ராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி நாள் தள்ளியது. சந்தோஷப்பட்டாயா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். பயந்தேன். ரிசல்ட் சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன், வந்த இரண்டு பஸ்ஸிலும் ஏறாமல் விட்டுவிட்டேன். நாலாம் மாதம் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பறிபோய்விடும் என்று நினைத்தேன். பட்டறையில் வாந்தி வந்தபோதுகூட, ராத்திரி சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்தாம் மாதம் என் மாமியார் கொடுமுடிப் பக்கமிருந்து வந்து எங்களோடு தங்கினார். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வைத்திருந்த நாலு ஆட்டை விற்றுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். சின்ன உருவம். அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எப்படி அடங்கியது என்பது ஆச்சரியம்தான். வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். "கொடத்தைத் தொடக் கூடாது. கொள்ளு கூடாது, பப்பாளி கூடாது, எள்ளு கூடாது. மத்தியானத்துக்கு முருங்கைக்கீரை. மாத்திரை மட்டும் வேண்டாங் கண்ணு. இரும்பு மாத்திரை தின்னா கொழந்தை பெருத்துப்போயிரும், அப்பறம் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுப்பாங்க."

கீரையைச் சாப்பிட்டேன், மாத்திரையையும் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். மாத்திரையால் கழிவு கறுப்பாகப் போனதைக்கூட அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்த காலம் அது. கடைசியில் டாக்டரம்மாவிடம் புலம்பினேன். "அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு வா" என்றார். கூட்டிப்போனேன். டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்து அவருக்குக் காட்டினார். "பாருங்கம்மா, வெளுத்துக் கெடக்குது. ரத்தம் பத்தலை. இவளுக்கே பத்தாதப்ப கொழந்தைக்கு எங்கிருந்து போகும்?" என்றார். மாமியார் அசையவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து அவருடைய இமையையும் இழுத்துப் பார்த்தார். "அட, நீங்க இவளுக்கு மேல வெளுத்திருக்கீங்க!" என்று அவருக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் இரண்டு பேர் இரும்பு மாத்திரை சாப்பிட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது, "கெட்டிக்காரி, என்னைய மடக்கிப்போட்டா" என்று டாக்டரம்மாவை அவர் பாராட்டியது ஞாபகம் இருக்கிறது.

டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இடது பக்கம் ஒருக்களித்துப் படு. வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு கூடச் சாப்பிடு. உப்பை அள்ளிப் போடாதே. மாசம் தவறாமல் பிரஷரும் மூத்திரமும் பார்த்தாக வேண்டும். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ உடனே வா. நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் வீட்டுக்கு வரும்போது ஒவ்வொன்றும் ஒரு பயமாகத் தொற்றிக்கொண்டு கூடவே வரும். காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், குழி விழுகிறதா என்று. கண்ணாடி முன் நின்று முகம் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். எதிர் வீட்டுச் சுவரில் இருந்த விளம்பர எழுத்தை ஒரு கண்ணை மூடி மூடிப் படிப்பேன். "பைத்தியம் புடிச்சுக்கும் புள்ள" என்பார் வீட்டுக்காரர். அவர் சொன்னது தப்பில்லை.

ஏழாம் மாதம் முடிந்ததும் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இனிமே நீ ஒரு வேலை செய்யணும். காலைல ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு கொழந்தை எத்தனை தடவை அசையுதுன்னு எண்ணு. பத்து ஆனதும் மணி என்னன்னு எழுதி வை. ராத்திரி ஒன்பதுக்குள்ள பத்து வரலைன்னா, இல்ல எப்பவும் வர்றதைவிடக் கொறைஞ்ச மாதிரி தோணுச்சுன்னா, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. நேரா இங்க வந்துரணும்." ஏன் என்று கேட்டேன். நஞ்சுக்கொடி வழியாக வருகிற சாப்பாடும் காற்றும் குறைந்தால், குழந்தை முதலில் ஆட்டத்தைத்தான் குறைக்குமாம். இருக்கிற சக்தியை இருதயத்துக்கு வைத்துக்கொள்ளுமாம். எனக்குப் புரிந்தது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் உடனே நிற்காது, முனகிக்கொண்டே சுற்றும். அந்த முனகலிலேயே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும். முதல் குழந்தை அந்த இரண்டு நாளும் முனகிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தேன்.

பட்டறை வேலையை அந்த வாரமே விட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்துவைத்தேன். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை. ஒரு அசைவு வந்தால் ஒரு கொட்டை அடுத்த டம்ளருக்குப் போகும். வீட்டு வேலைக்கு நடுவில் மனதில் எண்ணினால் தப்பிவிடும், கொட்டை தப்பாது என்பது என் ஏற்பாடு. பத்து ஆனதும் மணியைப் பார்த்துக் காலண்டரில் அந்த நாளின் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுவேன்.

மாமியாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "வளர்ற பொருளை எண்ணக் கூடாதுங் கண்ணு. ஆட்டை எண்ணிச் சொன்னா ஒண்ணு கொறையும். கொழந்தை ஒதைக்கிறதைப் போய்க் கொட்டை வெச்சு எண்ணுவாங்களா?" என்றார். டாக்டரம்மா சொன்னதுங்க அத்தை என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் ஊரில் களத்தில் வள்ளம் என்கிற அளவுப் படியால் நெல் அளக்கும்போது முதல் வள்ளத்துக்கு 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் சொல்வார்கள். கடைசி வள்ளம் தலை தட்டாமல் குவியலாக இருக்க வேண்டும். குறையோடு களத்தை விட்டுப் போகக் கூடாது. நானும் முதல் அசைவுக்கு லாபம் என்று சொல்லியாக வேண்டும் என்றார். சொன்னேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததும் ஒரு உதை வரும். "லாபமுங்க அத்தை" என்பேன். சமையலறையிலிருந்து, "லாபம், லாபம்" என்று குரல் வரும்.

அந்த ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பத்தரைக்கெல்லாம் பத்து ஆகிவிடும். சில நாள் பத்து மணிக்கே. எட்டாம் மாதம் முழுக்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் டம்ளர் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். அந்தக் கிழமை வந்தாலே தண்ணீர்கூட இறங்காது. குழந்தை மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தது. எட்டு முடிந்து ஒன்பது பிறந்தபோது மாமியார் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டார். வீட்டுக்காரர் முதல் தடவையாக வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வைத்துவிட்டு, கையை எடுக்கத் தெரியாமல் முழித்தார்.

ஒன்பதாம் மாதம் இரண்டாம் வாரம் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் வரச் சொன்னார். அந்த வாரம்தான் காலண்டரில் மணி நகர ஆரம்பித்தது. திங்கட்கிழமை பன்னிரண்டு. செவ்வாய் ஒன்றரை. புதன் நாலு மணி. குழந்தை வளர்ந்துவிட்டது, தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அது பக்கத்து வீட்டுக்காரம்மாவின் வசனம் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒன்பது கொட்டைதான் இருந்தது. நான் கட்டிலில் இடது பக்கம் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. குடலில் காற்று ஓடினாலும் அப்படித்தான் இருக்கும். எது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. எழுந்து பத்தாவது கொட்டையைப் போட்டேன். ஆறு நாற்பது என்று எழுதினேன். அதற்கு முன்னால் மத்தியானமும் ஒரு கொட்டையை அதே மாதிரி போட்டிருந்தேன்.

பயந்தவர்கள் கவனமாக இருப்பார்கள் என்று சொல்கிறார்களே, என் விஷயத்தில் அது பொய். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போனால் அந்த அம்மா குழலை வைப்பார், இடம் மாற்றி மாற்றி வைப்பார், பிறகு எடுத்துக் கீழே வைப்பார். போகாதவரைக்கும் குழந்தை உயிரோடு இருக்கிறது. இப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. காயிலில் ஒரு சுற்றுகூடத் தப்பவிடாதவள், பெற்ற பிள்ளையின் கணக்கில் கள்ளக் கொட்டை போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு டம்ளரில் மூன்று கொட்டை. சோறு இறங்கவில்லை. மாமியார் ரசம் ஊற்றிப் பிசைந்து, நாலு வாய் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். படுத்தேன். எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை, அவ்வளவு பயத்திலும் தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி மூன்றரை. டம்ளரைப் பார்த்தேன். எட்டுக் கொட்டை இருந்தது.

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அரைத் தூக்கத்தில் நானேதான் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு கட்டிலிலிருந்து டம்ளர் இருந்த மேசைக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். எழுந்து மூன்று அடி நடந்தால்தான் எட்டும். நான் கட்டிலை விட்டு எழவே இல்லை.

சமையலறைக்குப் போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, டம்ளர்ல கொட்டை போட்டீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை. "நீ தூங்கறப்ப சேலை அசைஞ்சுதுங் கண்ணு. நான் பாத்தேன்."

"அஞ்சு தடவையா?"

அவர் கை நின்றது. பிறகு சொன்னார்: "பொழுது எறங்குதல்லோ அம்மணி. கொறையா நின்னா கொறையாவே போயிருமுன்னு... நெறைச்சு வெச்சா நெறைஞ்சுருமுன்னு போட்டுப்போட்டேன்."

"நேத்து?"

"நேத்தும் ரெண்டு போட்டேன். முந்தாநேத்து ஒண்ணு. நீ காலண்டரைப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறே. என்னால பாக்க முடியலை கண்ணு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் போட்டது இரண்டு. நான் போட்டது இரண்டு. நேற்றுப் பத்தில் நாலு போனால் ஆறு. அந்த ஆறும் அசைவுதானா? முந்தாநாள் நாலு மணி என்று எழுதியதும் பொய். இன்றைக்கு உண்மையில் மூன்று. அதுவும் காலையில் வந்தவை. கடைசியாக எப்போது உதைத்தது என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. போன தடவை மாதிரியே, மறுபடியும் ஞாபகம் வரவில்லை.

"நானும் போட்டேனுங்க அத்தை," என்றேன். "நேத்து நானும் ரெண்டு போட்டேன்."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். கீரையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். "எந்திரி, போலாம்" என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டில் சொல்லி, லேத் பட்டறைக்குப் போன் பண்ணி என் வீட்டுக்காரரை நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லச் சொன்னார். தெருமுனைக்கு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். அதுவரைக்கும் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் இரண்டு கையாலும் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். குழிக்குக் குழி டிரைவரைத் திட்டினார். நடுவில் வயிற்றைப் பார்த்துக் குனிந்து, "சாமி, சித்தே ஒதைச்சுப்போடு சாமி. ஒண்ணே ஒண்ணு. லாபம்னு சொல்லிக்கறேன்" என்று கெஞ்சினார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குள் எல்லாமே வயிற்றுக்குள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் யாரையும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "கொழந்தை அசையலைங்க" என்றார். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார்.

இந்தத் தடவை குழல் இல்லை. புதிதாக வந்திருந்த சின்னப் பெட்டி, வயரில் ஒரு குமிழ். வயிற்றில் பசை தடவிக் குமிழை வைத்தார். கரகரவென்று சத்தம், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. இடது பக்கம் வைத்தார், கரகர. கீழே இறக்கினார், கரகர. இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இப்போது எடுத்துக் கீழே வைக்கப்போகிறார், வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் செத்துப்போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

தொப்புளுக்கு வலது பக்கம், ஓரத்தில், கரகரப்புக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. மெதுவாக. விட்டு விட்டு. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன்.

"இருக்குது," என்றார். "ஆனா நல்லால்ல. பிரஷரும் எகிறியிருக்கு. உடனே எடுத்துரணும்." நர்ஸைக் கூப்பிட்டு, தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். என் மஞ்சப்பையில் காலண்டர் தாள் இருந்தது. மாமியார் எப்போது கிழித்து வைத்தாரோ தெரியாது. டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார். விரலைக் கட்டத்தின் மேல் வைத்தார்.

"நேத்து ஆறு நாப்பதுக்குப் பத்து வந்துச்சுன்னு எழுதியிருக்கு. நேத்துப் பத்து வந்த கொழந்தை இன்னைக்கு இப்படி இருக்காது. நெசமாவே வந்துச்சா?"

சரியாக அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். வழியெல்லாம் சைக்கிளை மிதித்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். வலிக்கிற மாதிரி பிடித்தார்.

"வரலைங்க," என்றார். "ஆறுதான் வந்துச்சு. நாந்தான் கொட்டையை எடுத்துப் போட்டுப்போட்டேன். நாலு கொட்டை. அவளுக்குத் தெரியாதுங்க. அவ பாவம், டம்ளரைப் பாத்து எழுதிப்போட்டா."

டாக்டரம்மா அவரைத் திட்டிய திட்டு அந்த வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "பெரியவங்களா நீங்க? இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது, தெரியுமா?" மாமியார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதானுங்க, தப்புதானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அம்மா," என்றார். அவ்வளவுதான். அதில் எல்லாம் இருந்தது.

நான் சொல்லியிருக்கலாம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறவரைக்கும் நேரம் இருந்தது. அவர் சொன்ன நாலில் இரண்டு என்னுடையது என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. பெத்தவளுக்கே தெரியலையா. இந்தத் தடவை தெரிந்தே செய்தேன் என்று எப்படிச் சொல்வேன்? மாமியார் என் கையை விட்டார். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. எலிக்குஞ்சு மாதிரி சிவந்துபோய், தோல் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் வந்தாள். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் மாமியார் வராந்தாவில் தரையில் கிடந்தார். பெற்ற மகன் தன்னோடு பேசாதது அவருக்குத் தெரியாத மாதிரியே நடந்துகொண்டார். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் வார்டில் யாரும் இல்லாத நேரத்தில் நான், "அத்தை, நான் சொல்லிர்றேனுங்க" என்று ஆரம்பித்தேன்.

"என்னத்தைச் சொல்றே?" என்றார். "நான் நாளைக்கே ஊருக்குப் போயிருவேன், என்னைய யாரு என்ன கேக்கப்போறாங்க? நீ எம்பையனோட குடும்பம் நடத்தோணும். கஞ்சியக் குடி."

அவர் ஊருக்குப் போகவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார், பல் முளைக்கட்டும் என்றார், அப்படியே இருந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். ஆனால் அந்தக் கதை அவர் மேல் அப்படியே தங்கிவிட்டது. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வந்தால் யாராவது பேச்சை எடுப்பார்கள்: இந்தக் குழந்தையை இவ அப்பத்தாதான் கொட்டை போட்டே முடிக்கப் பார்த்துச்சு, தெரியுமா? எல்லோரும் சிரிப்பார்கள். பிழைத்த குழந்தை மடியில் இருக்கும்போது சிரிக்கலாம்தானே. மாமியாரும் கூடச் சிரிப்பார். நான் காபி கலக்க எழுந்துபோவேன்.

மகளுக்கு ஏழு வயதிருக்கும். அதற்குள் யாரோ அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிவிடும்போது ஏதோ சண்டை, மாமியார் சீப்பால் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். அவள் திரும்பி, "நீதான அப்பத்தா நான் பொறக்கறதுக்கு முந்தியே என்னையக் கொல்லப் பாத்தே? உனக்கு என்னையப் புடிக்காது" என்று கத்தினாள்.

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அவள் முடியைக் கையில் பிடித்தபடி, "ஆமாங் கண்ணு, அப்பத்தா தப்புப் பண்ணிப்போட்டேன்," என்றார். "அதுக்குத்தான் தெனமும் உன்ற தலையப் பின்னிட்டுக் கெடக்கறேன். ஆடாத இரு."

சொல்லிவிடுவது என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வைத்தேன். காலடிச் சத்தம் கேட்டு மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். என் அம்மா வந்துவிட்டாள், இனி என் பக்கம் பேசுவாள் என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரியில் வந்த அதே பயம் வந்தது.

"சாப்பாடு ஆறுது," என்றேன். "ரெண்டு பேரும் வாங்க."